ஏற்கனவே உள்ள பெயர்

மாமனாரின் பெயரை ஜிபார் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கெலின், அதாவது மருமகள், அதைச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அவர் பெயர் தெமிர்; இரும்பு என்று பொருள். அவர்களுடைய கோடை மேய்ச்சல் நிலத்துக்கு மேலே, மலைப்பனி உருகித் தேங்கிய ஏரிக்கும் அதே பெயர். அதனால், பிஷ்கெக் நகர அலுவலகத்தில் ஏரிகளின் அளவுகளைக் கணினியில் பதியும் வேலைக்கு வந்த நாள் முதல், அந்த ஏரியின் அட்டவணைக்குக் 'கெட்டி ஏரி' என்றே பெயர் வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. எல்லா ஏரிக்கும் வரைபடத்தில் உள்ள பெயர்தான் இருக்க வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, விரல் கூசக் கூச, 'தெமிர் ஏரி' என்று அடித்தாள்.

'இந்தப் பெயர் ஏற்கனவே உள்ளது' என்றது கணினி.

பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவளுடைய கெட்டி ஏரியோடு சேர்த்துப் பதினோரு ஏரிகள். தெமிர் இல்லை.

தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் எர்மெக்கின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அட கெலின், மாமனார் பேரையே எழுதிட்டியா! வானம் இடிஞ்சு விழலியே?"

"கிண்டல் இருக்கட்டும் அண்ணே. இல்லாத ஒண்ணுக்கு எப்படிப் பேர் இருக்கும்?"

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "உனக்கு அனுமதி இல்லாதது உன் கண்ணுக்கே தெரியாது. பூட்டினா மட்டும் போதாது, கதவே தெரியக்கூடாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க."

"அப்போ பேர் இருக்குன்னு மட்டும் எதுக்குச் சொல்லுது?"

"ஒரே பேர்ல ரெண்டு இருக்க முடியாதே. அந்த ஓட்டையை மட்டும் என்னால அடைக்க முடியல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போய் வேலையைப் பாரு."

இடத்துக்கு வந்தவள் நெடுநேரம் எதையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை மாமனார் மந்தையை ஓட்டிக்கொண்டு அந்த ஏரிக்குக் கீழே கூடாரம் போடப் போகிறார். அவளுடைய மூன்று வயது மகளும் அவரோடுதான் போகிறாள்.

'தெமிர் ஏரி நீர்மட்டம்' என்று அடித்தாள். ஏற்கனவே உள்ளது. 'தெமிர் ஏரி மீன்.' புதிதாக ஒன்று உருவானது, அழித்தாள். 'தெமிர் ஏரி கரை விரிசல்.' ஏற்கனவே உள்ளது. அடுத்த சொல்லை அடிக்கக் கை வரவில்லை. ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. 'தெமிர் ஏரி ஆள் வெளியேற்றம்.'

ஏற்கனவே உள்ளது.

மற்றப் பத்து ஏரிகளோடும் அதே சொல்லைச் சேர்த்துப் பார்த்தாள். பத்தும் தடையில்லாமல் உருவாயின. ஒவ்வொன்றாக அழித்துவிட்டு மாமனாருக்குப் போன் செய்தாள்.

"அப்பா, இந்த வாரம் மேல போகாதீங்க."

"ஏம்மா? புல்லு முழங்கால் உயரம் நிக்குதாம்."

"ஏரி சரியில்ல."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. சொல்லாம வச்சிருக்காங்க."

 

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலப்பா. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்க்க முடியல. தலைப்பு மட்டும்தான் தெரிஞ்சுது."

"நான் நின்னுடுவேன். கூட வர்ற ஆறு குடும்பம் நிக்குமா? எவன் சொன்னான்னு கேப்பாங்களே."

ஜிபார் எர்மெக்கின் அறைக் கதவைப் பார்த்தாள். அவள் அடித்த ஒவ்வொரு சொல்லும், அடித்த நேரத்தோடு, அவர் திரையில் பதிவாகியிருக்கும்.

"என் பேரைச் சொல்லுங்க" என்றாள்.