சீசியத்துக்கு ஒரு பொம்மை

தனிம அட்டவணையில் வரிசை ஏழு, தன் வீட்டுக் கொலுவிலும் படி ஏழு என்பது ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது லாவண்யாவுக்குத் தோன்றியது. பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவள். பகவானே போட்டுக் கொடுத்த கணக்கு என்று நம்பிவிட்டாள்.

அமாவாசை மத்தியானத்துக்குள், பொம்மைக்கு ஒரு தனிமம் என்று கொலு முக்கால்வாசி முடிந்தது. மேல் படியின் இரண்டு ஓரங்களிலும் ஹைட்ரஜனும் ஹீலியமும், நடுவே கலசம். கீழே இறங்க இறங்கப் பொம்மைகள் பெருத்தன. இடமிருந்து வலமாகப் போகப் போகச் சிறுத்தன. அணுக்களும் அப்படித்தான். ஏழாம் படிக்காரர்கள் நிலைக்காமல் சிதைந்துபோகிற கதிரியக்கக்காரர்கள் என்பதால், அவர்களுக்குப் பதில் பழத்தட்டு. ஆறாம் படியின் இடது மூலை மட்டும் காலி.

"அங்க யாரு?" என்றான் அவள் கணவன் விஜயராகவன், சோபாவில் சாய்ந்தபடி.

"சீசியம். ரொம்பப் பெரிசு. நம்மாத்துல அத்தனை பெரிய பொம்மை கிடையாது."

"எதிராத்து சுந்தரவல்லி மாமிகிட்ட தலையாட்டி ராஜா இருக்கே, முழங்கால் ஒசரத்துக்கு."

லாவண்யா காலி மூலையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஆடி மாதத்தில் செருப்பு ஸ்டாண்டை யார் நகர்த்தியது என்று இரண்டு வீட்டுக்கும் வாக்குவாதம். அன்றோடு பேச்சு நின்றது. இன்று காலை குங்குமச் சிமிழோடு எல்லா ஃப்ளாட்டுக்கும் போய்க் கொலுவுக்கு அழைத்தவள், எதிர்க்கதவை மட்டும் தாண்டி வந்துவிட்டாள். வருஷா வருஷம் முதல் ஆளாக வந்து உட்காருகிற மாமி. அவள் வராமல் என்ன கொலு என்று மனசு அடித்துக்கொண்டதுதான். ஆனாலும் கால் நிற்கவில்லை.

"சீசியம் பெரிசா இருந்தா என்ன விசேஷம்?"

"வெளி எலக்ட்ரான் கருவிலேர்ந்து ரொம்பத் தள்ளி இருக்கும். லேசா இழுத்தாலே விட்டுடும். மேல வலது ஓரத்துல குட்டியா இருக்கு பாருங்கோ, ஹீலியம். அது லேசுல விடாது. இறுக்கிப் பிடிச்சுண்டிருக்கும்."

"அப்படியா? உன் ஜாடையா இருக்கே!"

"சும்மா இருங்கோளேன்."

"நான் சும்மாத்தான் இருக்கேன். நீதான் கோவத்தை ஆடியிலேர்ந்து பிடிச்சுண்டிருக்கே."

வந்த சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு அவள் குங்குமச் சிமிழை எடுத்தாள். ஒருவர் இளகினால் அம்பாள் மற்றவரையும் இளக்கிவிடுகிறாள் போலிருக்கிறது. மணியை அழுத்துவதற்கு முன்பே எதிர்க்கதவு திறந்தது.

"வா. காலம்பற எல்லாராத்து மணியும் அடிச்சுது. எங்காத்து மணி மட்டும் கேக்கலை, என் காதுதான் போயிடுத்தோன்னு பாத்தேன்" என்றாள் மாமி.

"மாமி..."

"பட்டுப்புடவையை இஸ்திரி போட்டு வெச்சாச்சு. நீ கூப்பிடலைன்னா அதைக் கட்டிண்டு மொட்டை மாடியில துணி உணத்தியிருப்பேன்."

லாவண்யாவுக்குக் கண் கலங்கியது. "ஸ்டாண்டை நான்தான் நகத்தினேன், மாமி."

"தெரியும். திருப்பித் தள்ளினது நான்."

இருவரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் பொம்மைப் பேச்சே வந்தது. முட்டி வலியால் மாமி இந்த வருஷம் கொலு வைக்கவில்லை. ராஜா பெட்டிக்குள் கிடந்தார்.

"ராஜா மட்டுமா? ராணியை விட்டுட்டு அவர் எந்தாத்துக்கும் வரமாட்டார். ஜோடியைப் பிரிக்கப்படாது, எடுத்துண்டு போ."

ராஜா சீசியத்தின் மூலையில் உட்கார்ந்தார். ராணியோ அவரைவிட ஒரு சுற்றுப் பெரியவள். லாவண்யா ஒரு நிமிஷம் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுத்த இடத்தில் பேரியமாக நின்ற யானையை அலமாரிக்கு அனுப்பிவிட்டு, ராணியை ராஜாவின் பக்கத்திலேயே உட்கார வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் மாணவிகள் வந்தார்கள். மஹ்விஷ் வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"மிஸ், வலது பக்கம் போனா சின்னதாகணும்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க பேரியம் சீசியத்தை விடப் பெரிசா இருக்கே!"

"இந்த வீட்டுல மட்டும் அப்படி. பரீட்சையில எழுதினா மார்க் போடமாட்டேன்."

"சின்னதோ பெரிசோ, அவா ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்" என்றாள் சுந்தரவல்லி மாமி. "நீ முதல்ல சாப்பிடு, குழந்தே" என்று மஹ்விஷின் தொன்னையில் இன்னொரு கரண்டி சுண்டலைப் போட்டாள்.