கிளம்பும் நேரம்

பேருந்துப் பணிமனையில் அவருக்குப் பெயர் நிமிஷம். நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எந்த வண்டி எந்த நிறுத்தத்தை விட்டு எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று கால அட்டவணை போடுகிற உத்தியோகம். அதில் இருபத்தைந்து வருஷம் ஊறிப் போனவர். பல் விளக்க மூன்று நிமிஷம், டீ குடிக்க ஆறு நிமிஷம், மச்சானோடு பேச நான்கு நிமிஷம். மச்சான் பேச்சு நான்கு நிமிஷத்தில் முடிந்ததாகச் சரித்திரமே இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த நகரத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை கலை வாரம் நடக்கும். கப்பலில் வந்தவன், ரயிலில் வந்தவன், பரம்பரையாக அங்கேயே கிடப்பவன் என்று பல பாஷைக்காரர்களும் கலந்துகட்டி வாழ்கிற ஊர். மண்டபம், பூங்கா, தெருமுனை எங்கே பார்த்தாலும் யாராவது ஆடிக்கொண்டோ பாடிக்கொண்டோ இருப்பார்கள். பாதித் தெருக்களில் வண்டி போகாது. நிமிஷம் முதலில் பேருந்துகளுக்கு மாற்று அட்டவணை போடுவார். அப்புறம் வீட்டுக்கு வந்து, தானும் மனைவியும் எதை எதைப் பார்ப்பது என்று இன்னொரு அட்டவணை போடுவார். இரண்டாவதைத்தான் அதிக சிரத்தையோடு போடுவார்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அந்த அட்டவணையில் முதல் இடம் நூலக மண்டபத்தில் நடக்கும் நகர வாத்தியக் குழுக் கச்சேரிக்குத்தான். அறுபது வாத்தியக்காரர்கள், இருபது தாய்மொழி. அவர் மனைவிக்குக் கச்சேரியைக்கூட விட்டுவிடலாம், அதற்கு முன்னால் சுருதி சேர்ப்பார்களே, அது தவறக்கூடாது. ஒருவர் கறுப்புக் குழலில் ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடிப்பார். அதைப் பிடித்துக்கொண்டு மற்ற ஐம்பத்தொன்பது பேரும் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். 'பாட்டு யாரு வேணா வாசிக்கலாம். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தாங்க நான் வரேன்' என்பாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களின் கண்ணுக்கு உழைப்பவள், தன் காதுக்குக் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

அந்தக் காதுக்குத்தான் கேடு வந்தது. வலது காது சின்ன வயசிலிருந்தே மந்தம். இடி இடித்தால் 'யாரு கதவத் தட்றது' என்று கேட்கிற ரகம். நல்ல காது இடதுதான். அதில் கட்டி வளர்ந்து, மூன்று வாரத்துக்கு முன் ஆபரேஷன் ஆயிற்று. திங்கட்கிழமை பஞ்சை எடுத்த டாக்டர், "ஒரு வாரத்துல கேக்க ஆரம்பிக்கணும். ஆரம்பிக்கலேன்னா அப்புறம் பேசுவோம்" என்றார். டாக்டர்கள் 'அப்புறம் பேசுவோம்' என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? 

வீட்டில் அவர் பேசுவதெல்லாம் இப்போது அவள் வலது காதருகே குனிந்து, தொண்டை கிழிய. அந்த வீட்டில் உப்பு தீர்ந்தது மூன்று மாடிக்கும் தெரிந்தது. ஆனால் கேட்கவேண்டிய ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. 'இல்லை' என்று அவள் வாயால் வந்துவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? கள்ளத்தனமாக ஒரு சோதனை மட்டும் செய்து பார்த்தார். யோசிக்கும்போதெல்லாம் பேனாவை டிக் டிக்கென்று அழுத்துவது அவர் கெட்ட பழக்கம். 'அத நிறுத்துங்களேன்' என்று இருபத்திரண்டு வருஷமாக அவளிடம் திட்டு வாங்கி வருகிறார். புதன்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருக்கையில் இடது பக்கமாகப் பின்னால் போய் நின்று, டிக், டிக், டிக். அவள் பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தாள். திட்டு வாங்காமல் திரும்பி வந்த அன்றைக்கு மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் இந்த வருஷ அட்டவணையில் மருந்துக்குக்கூட ஒரு பாட்டு இல்லை. ஓவியக் கண்காட்சி, மௌன நாடகம், பொம்மலாட்டம், மணல் சிற்பம், வாணவேடிக்கை. அதாவது கண்ணை வைத்துக்கொண்டு காதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் தாளை வாங்கி ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள்.

"எல்லாம் பாக்கற அயிட்டமாவே இருக்கு" என்றாள்.

"ஒரு மாறுதலுக்குத்தான்" என்று கத்தினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

அவள் கலை வாரத்துக்காரர்கள் அச்சடித்துக் கொடுத்த சின்னப் புத்தகத்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை நிமிஷத்துக்கு மதியம் வரை வேலை. அதனால் அவளைக் கூட்டிப் போகிற பொறுப்பு அவள் தம்பியிடம் வந்தது. லிஃப்ட் மெக்கானிக். மேலும் கீழும் போகத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு நேராகப் போகத் தெரியாது என்பது நிமிஷத்தின் அபிப்பிராயம்.

"இந்தாடா, இதுல எல்லாம் இருக்கு. எடமும் நேரமும். ரெண்டாவது அயிட்டத்துல நான் வந்து சேந்துக்கறேன். அக்காவ பத்திரமா பாத்துக்க."

"நாங்க என்ன சின்னப் புள்ளையா மாமா? நீங்க போய் பஸ்ஸ ஓட்டுங்க."

"நான் ஓட்றதில்ல. அட்டவணை போடறவன்."

"அதான், ஓடாத பஸ்ஸுக்கு" என்றான் மச்சான்.

தாளில் இப்படி இருந்தது: பூங்கா, ஓவியக் கண்காட்சி, 12.45. நூலக மண்டபம், மௌன நாடகம், 2.00. நகராட்சித் திடல், பொம்மலாட்டம், 3.10.

நிமிஷம் சொன்னபடி ஒரு மணிக்கு நூலக மண்டபத்துக்கு வந்து, பக்கத்தில் இரண்டு நாற்காலியைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடையில் ஒரு ஆள் இல்லாத கதவைத் திறந்து, இல்லாத படியில் ஏறிக்கொண்டிருந்தான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றேகால், ஒன்றரை. மூன்று தடவை மச்சானுக்குப் போன் போட்டார். கூட்டத்தில் பறிபோய்விடும் என்று பயந்து அந்த மகானுபாவன் போனை வண்டிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுப் போயிருந்தது இவருக்கு எப்படித் தெரியும்? பூங்காவில் ஓவியங்களிலேயே மயங்கி நின்றிருப்பார்கள், அடுத்த இடத்துக்கு நேராக வந்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நாடகம் முடிந்து, சரியாக இரண்டு மணிக்குப் பக்கவாட்டுக் கதவு வழியாகத் திடலுக்குக் கிளம்பினார். பெண்டாட்டியைக் காணோம் என்றாலும் மனுஷன் அட்டவணையை மீறுவாரா?

திடலில் பொம்மலாட்டக் கூடாரத்துக்கு வெளியே வரிசை. அவர்கள் இல்லை. தாளை விரித்து வைத்துக்கொண்டு பேனாவை டிக் டிக்கென்று அழுத்திக்கொண்டிருந்தவரின் தோளுக்கு மேலே, குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, பொம்மலாட்டம் மூணு பத்துக்கா? ரெண்டு இருபதுன்னாங்களே?"

"ரெண்டு இருபதுதாம்மா. மூணு பத்து, இங்கேர்ந்து கிளம்பற நேரம்."

"கிளம்பற நேரத்தையா எழுதி வைப்பாங்க?" என்றாள் அந்த அம்மாள். கேலி ஒன்றும் இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

பணிமனையில் அப்படித்தான் எழுதுவார்கள். வண்டி எப்போது வந்து சேரும் என்பது கடவுளுக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும்தான் வெளிச்சம். கிளம்புவது மட்டும்தான் நம் கையில். அதனால் நிறுத்தத்துக்கு நேராக இருப்பது அதை விட்டுக் கிளம்பும் நேரம். வீட்டு அட்டவணையிலும் அதே கைப்பழக்கம். ஆனால் லிஃப்ட் மெக்கானிக்குக்கு இது எந்த ஜென்மத்தில் தெரியும்? 2.00 என்று எழுதியிருந்தால் இரண்டு மணிக்குப் போய் நிற்பான். இவர் பக்கவாட்டுக் கதவில் வெளியே வந்த அதே நேரம், அவர்கள் முன்வாசலில் உள்ளே போயிருப்பார்கள்.

அந்த மண்டபத்தில் இரண்டேகாலுக்கு என்ன? அவருக்கா தெரியாது? அவரே அடித்துவிட்ட வரி அது. நகர வாத்தியக் குழு.

மணி இரண்டு ஏழு. நிமிஷம் ஓடினார். மணல் சிற்பத்தைச் சுற்றிக்கொண்டு, முகமூடி ஊர்வலத்துக்குள் புகுந்து, ஒரு பூத முகமூடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, வேட்டைநாய் துரத்தினாற்போல ஓடினார். மூச்சு வாங்கியது. மனசுக்குள் ஒரே படம்தான். அறுபது பேர் மேடையில் வில்லை இழுக்கிறார்கள், ஆயிரம் பேர் சொக்கிப் போய்க் கேட்கிறார்கள், நடுவில் அவள் மட்டும் ஒரு சத்தமும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் செய்தி அவளுக்கு அங்கேயா தெரிய வேண்டும்? அதுவும் பக்கத்தில் தான் இல்லாமல், கையைப் பிடிக்கக்கூடத் தோன்றாத அந்தத் தடியனோடு? பாவி, உன் கைப்பழக்கம் உன்னோடு போகாமல் அவள் தலையில் விடிந்ததே என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினார்.

வாசலில் நின்ற பெண் அவர் மணிக்கட்டில் இருந்த கலை வார நுழைவுப் பட்டையைப் பார்த்தாள். அவர் கோலத்தையும் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் இருக்கு. மெதுவா போங்க சார்."

ஒன்பதாவது வரிசையில் இருந்தார்கள். அவளுக்கு வலது பக்கம் மச்சான். இடது பக்க நாற்காலி காலி. அதன்மேல் அவள் கைப்பை. அவள் திரும்பிப் பார்க்காமலே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் பொத்தென்று உட்கார்ந்தார். கூட்டிக்கொண்டு வெளியே போய்விடலாமா? எப்படிச் சொல்வது? என்னவென்று சொல்வது? மேடையில் கறுப்புக் குழல்காரர் எழுந்து நின்று அந்த ஒரு சுரத்தை நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்க இவருக்குத் தைரியம் இல்லை. முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வயலின் சேர்ந்தது, அப்புறம் நான்கு, அப்புறம் மொத்தமும்.

அவர் கைமேல் அவள் கை வந்து விழுந்தது.

"அத நிறுத்துங்க. சுருதி சேத்துட்டு இருக்காங்கல்ல."

குனிந்து பார்த்தார். கையில் பேனா. எப்போதிலிருந்து அழுத்திக்கொண்டிருந்தாரோ, அவருக்கே தெரியாது. அவளுடைய இடது பக்கம்.

இரண்டு வினாடி ஆயிற்று அவருக்கு விளங்க. சரியாக அந்நேரம் பார்த்து வாத்தியங்கள் எல்லாம் அடங்கின. மூன்று வாரப் பழக்கம் லேசில் விடுமா? அவள் பக்கம் குனிந்து, தொண்டை கிழியக் கேட்டார்.

"கேக்குதா?"

ஆயிரம் தலை திரும்பியது. மேடையில் குச்சியைத் தூக்கிய நடத்துநர் தூக்கிய கையோடு திரும்பிப் பார்த்தார்.

"ஊருக்கே கேக்குது" என்றாள் அவள். "எனக்குந்தான்."

அவர் நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது. கச்சேரி ஆரம்பித்தது. என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் நிமிஷத்துக்குத் தெரியாது. இருட்டில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அதுவும் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். கைக்குட்டையை எடுத்து மடியில் போட்டாள்.

இடைவேளையில் மச்சான் தொடங்கினான். "மாமா, நாடகம்னு எழுதிட்டு கச்சேரிக்கு அனுப்பிச்சிருக்கீங்க. நல்ல அட்டவணை."

"அது கிளம்பற நேரம்டா மடையா."

"அத எழுத வேண்டியதுதானே?"

"உனக்குத் தெரியாது சரி" என்று நிமிஷம் மனைவி பக்கம் திரும்பினார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "இந்தாம்மா, உனக்குத் தெரியுமே. இருபத்திரண்டு வருஷமா பாக்கறியே."

"தெரியும்" என்றாள்.

"அப்புறம் ஏன் இவங்கிட்ட சொல்லல?"

"சொல்லிருந்தா மௌன நாடகத்துக்குல்ல வந்திருப்பேன்."

மச்சான் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான். அவள் கைப்பையிலிருந்து அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்தாள். இரண்டேகால் மணிக்கு நேரே நகத்தால் கீறியிருந்தது.

"நேத்து காலைல கடையில வாசக் கதவு மணி அடிச்சுது. லேசா. கேட்டுச்சா, கேட்ட மாதிரி நானே நெனச்சுக்கிட்டேனா தெரியல. கேக்கலேன்னா, இங்க கேக்காம போகட்டும்னு நெனச்சேன். எனக்குப் புடிச்ச எடம் இதானே." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க ஓடி வருவீங்கன்னு தெரியும். அதான் எடம் போட்டேன்" என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அவர் பையிலிருந்து அட்டவணையை எடுத்து மூன்றாகக் கிழித்து, ஒரு துண்டின் பின்பக்கத்தில் புதிதாக எழுத உட்கார்ந்தார். பூங்காவில் நாலரைக்கு ஒரு பாட்டுக் குழு, துறைமுகத் தெருவில் ஆறு மணிக்கு மத்தளம் என்று அவள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஆரம்பிக்கும் நேரத்தைக் கொட்டை எழுத்தில் எழுதினார்.

"வாணவேடிக்க?" என்றான் மச்சான்.

"சத்தம் ஜாஸ்தி. அத அடிச்சுடுங்க" என்றாள் அவள்.

அடித்தார். எழுதி முடித்ததும், ஒன்றும் தெரியாதவர் போல மேடையைப் பார்த்துக்கொண்டு பேனாவை அவளுடைய இடது காதருகே கொண்டு போனார். இருக்கிறதிலேயே மெதுவாக, ஒரே ஒரு தடவை அழுத்தினார்.

"அடி வாங்குவீங்க" என்றாள்.

வாங்கினார்.