எழுநூற்று முப்பத்தோர் இரட்டைக் குறிப்புகள்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் அளவு கொடுப்பார்கள். என் தம்பியைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். முப்பத்தொரு வருடமாக இதுதான் நடக்கிறது. தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பார்கள். "சின்னவர் கை பட்டா உடம்போட ஒட்டிக்குது" என்பார்கள். நான் பக்கத்தில்தான் நிற்பேன், கழுத்தில் அளவு நாடாவோடு.

அப்பா கடையை எங்களிடம் ஒப்படைத்தபோது நாடாவை என் கையில் கொடுத்தார், கத்தரியைத் தம்பி கையில் கொடுத்தார். இருவருக்கும் இரண்டு வேலையும் தெரியும். ஆனாலும் நாடா மூத்தவனுக்குத்தான் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அளவு சரியாக இருந்தால், வெட்டுவது என்பது போட்ட கோட்டின் வழியே கத்தரியை ஓட்டிச் செல்வதுதான். இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். தம்பியின் காதுபடவும் சொல்லியிருக்கிறேன். அவன் ஒரு முறைகூட மறுத்ததில்லை. மறுத்திருந்தால் எனக்கு ஓரளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் அளவெடுக்கும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். என் முதுகு வளையாது. வம்பு பேசமாட்டேன். கையைத் தொங்கப் போட்டு நிற்கிறவர் வாயைத் திறந்தால், "அசையாம நில்லுங்க" என்று ஒரு முறை சொல்வேன். இரண்டாம் முறை யாருக்கும் சொல்ல நேர்ந்ததில்லை. ஊரே பயப்படும் நீதிபதி ஒருவர் என்முன் பள்ளிப் பிள்ளையைப் போல நிமிர்ந்து நிற்பார். கடைக்குக் கிடைக்கும் மரியாதை அது என்றே நினைத்திருந்தேன்.

சென்ற மாதம் தம்பிக்குக் கண்ணில் புரை நீக்கினார்கள். இரண்டு வாரம் குனியக்கூடாது, கத்தரியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் நாளே பதினொரு பேர் என்னைப் பார்த்து, "சின்னவர் இல்லையா?" என்று கேட்டார்கள். எண்ணினேன், அதனால் தெரியும். ஒருவர் துணியைத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு வாரம் கழித்தே வருகிறேன் என்று போய்விட்டார். வங்கி மேலாளர் ஒருவர் தம்பிக்கென்று ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார். குடும்பத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது. வாங்கி, நன்றி சொல்லி, அன்றே தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். ஆனால் அனுப்பும் முன் பையில் எத்தனை பழம் என்று பார்த்தேன். ஒன்பது. போன வருடம் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது கடையிலிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. அதுவும் பழைய கழுத்தளவு நோட்டு எங்கே என்று கேட்க.

அடுத்த நாள் கப்பல் கேப்டன் வந்தார். பதவி உயர்ந்திருந்தது, அந்தச் சனிக்கிழமை புதுக் கப்பலில் ஏறுகிறார். எங்கோ ஒரு துறைமுகத்தில் தேடி வாங்கிய கருநீலத் துணியைக் கொண்டுவந்திருந்தார். ஒரு கோட்டுக்குச் சரியாக வரும். ஒரு வெட்டு பிசகினால் மறு துண்டு கிடையாது. நின்றார், அளவெடுத்தேன். இடுப்பு முப்பத்தெட்டு. யார் வெட்டுவார் என்று கேட்டார். நான்தான் என்றேன். பிள்ளையைத் தெரியாதவர் வீட்டில் விட்டுப் போகிறவர் எப்படித் திரும்பிப் பார்ப்பாரோ, அப்படித் துணியைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தத் துணியை வெட்டவேண்டிய புதன்கிழமை காலையில்தான் என் கைபேசி தன்பாட்டுக்குக் குறிப்புச் செயலியைப் புதுப்பித்து வைத்திருந்தது. திறந்தால், வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் இரண்டு இரண்டாக நிற்கிறார்கள். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேரும் அப்படித்தான்.

கடையின் கணினி வேலைகளைப் பார்ப்பது தம்பியின் மகள். கெட்டிக்காரி. அவள் தன் அப்பாவின் மகள் மட்டுமல்ல, இந்த வீட்டின் பிள்ளை என்பதை நான் என்றும் மறந்ததில்லை. வெட்டும் அறைக் கணினியைத் திறந்து பார்த்தாள். அங்கே எல்லாம் ஒற்றையாகவே இருந்தன. என் கைபேசியில்தான் கோளாறு. உடனே அதன் இணையத்தை அணைத்தாள். இல்லாவிட்டால் இந்த இரட்டைகள் எல்லாம் வெட்டும் அறைக்கும் போய்ச் சேரும், எந்த அளவை நம்புவது என்று யாருக்கும் தெரியாது என்றாள். பிறகு கொஞ்சம் அவசரமாகவே கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க பெரியப்பா. ஆப்பை எடுத்துட்டுத் திரும்பப் போட்டா எல்லாம் சரியாயிடும்."

"நான் எழுதினது?"

"எல்லாம் மேல சர்வர்ல இருக்கு. அதுவே இறங்கி வந்துடும்."

அவள் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொடுக்கவில்லை. எதையும் அழிக்கும் முன் எப்படி வந்தது என்று தெரிய வேண்டும் என்றேன். வேறு வழியில்லாமல் செயலிக்காரர்களுக்கு எழுதிக் கேட்டாள். மதியத்துக்குள் பதில் வந்தது, படித்து விளக்கினாள்.

நான்கு வருடம் முன்பு இந்தச் செயலியைப் போட்டுத் தர வந்தவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நான் எழுதியதில் வேறு யார் கையும் படக்கூடாது. அவரும் அதற்கென்று இருந்த ஓர் அமைப்பை மாற்றிவைத்தார். அன்றிலிருந்து என் கைபேசி குறிப்புகளை மேலே அனுப்புமே தவிர, மேலே இருப்பதைக் கீழே கொண்டுவராது. புதுப்பித்தபோது அந்த அமைப்பு போய்விட்டது. மேலே இருந்தவை எல்லாம் இறங்கிவந்து, கைபேசியிலேயே இருந்தவற்றின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். பிறகு ஒப்பிடச் சொன்னால், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும் ஜோடிகளில் ஒன்றைச் செயலியே நீக்கிவிடும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தொடாது.

ஒப்பிடச் சொன்னோம். நானூற்றுப் பதினைந்து பேர் ஒற்றையானார்கள், கேப்டனும் அவர்களில் ஒருவர். எழுநூற்று முப்பத்தொரு பேர் அப்படியே இரட்டையாக நின்றார்கள்.

புள்ளி, இடைவெளி ஏதாவது மாறியிருக்கும் என்றாள் தம்பி மகள். அவளைச் சாப்பிட அனுப்பிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் ஜோடியைத் திறந்தேன்.

நீதிபதி. என் குறிப்பில் இடுப்பு நாற்பது. மற்றதில் நாற்பத்தொன்றரை. கீழே தம்பியின் வழக்கமான சுருக்கத்தில் ஒரு வரி: "அண்ணன் முன்னால் வயிற்றை எக்குகிறார். படியில் விட்டுவிட்டார்."

அடுத்தவர் பள்ளித் தலைமையாசிரியர். "நிமிர்ந்தது பயத்தில். உண்மையில் கூன் உண்டு. முதுகு முக்கால் அங்குலம் கூட்டு." அதற்கடுத்து இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறவர். "இடத்தோள் அரை அங்குலம் தாழ்வு. அண்ணன் முன்னால் இரண்டும் சமம்." இப்படியே போனது. ஒரே ஒருவருக்கு மட்டும் அளவு மாறவில்லை, குறிப்பு மட்டும் இருந்தது: "இவருக்குக் காது கேட்காது. அண்ணன் எடுத்ததே சரி."

எத்தனை படித்தேன் என்று தெரியாது. ஐம்பது, அறுபது இருக்கும். பாராட்டு அவனுக்குப் போகிறது என்றுதான் இத்தனை வருடம் புழுங்கினேன். அளவாவது என்னுடையது என்று ஒரு பிடி இருந்தது. அதுவும் அவனுடையதாக இருந்திருக்கிறது. நான் சத்தம் போட்டுச் சொன்ன எண்களை அவன் உள்ளே கணினிமுன் உட்கார்ந்து சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருந்திருக்கிறான். தம்பி மகளுக்குத் தெரிந்திருக்கிறது. தையல்காரர்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் தெரியவில்லை. ஏனென்றால் தெரியக்கூடாது என்று நானே ஆள்வைத்துப் பூட்டிவைத்திருக்கிறேன்.

திரையின் அடியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. இந்தக் கைபேசியில் இருப்பதை வைத்துக்கொள் என்றது ஒன்று. மேலிருந்து வந்ததை வைத்துக்கொள் என்றது மற்றொன்று. முதல் பொத்தானை அழுத்தினால் எழுநூற்று முப்பத்தோர் இடத்திலும் அவன் கை துடைக்கப்பட்டுவிடும். தலைமகன் எழுதியதே நிற்கும். பொய் சொல்லமாட்டேன், கட்டைவிரலை அதன்மேல் கொண்டுபோனேன்.

அழுத்தும் முன் என் பெயர் கண்ணில் பட்டது. எனக்கும் ஒரு குறிப்பு உண்டு. என் அளவை நானே கண்ணாடிமுன் நின்று எடுப்பேன், வேறு ஒருவர் நாடாவின் அடியில் நான் நின்றதில்லை. அதுவும் இரட்டையாக இருந்தது. இடுப்பில் ஓர் அங்குலம் கூட்டியிருந்தான். கீழே எழுதியிருந்தான்: "தனியாக நிற்கும்போதும் மூச்சை அடக்குகிறார்."

படித்து முடித்தபோது அடக்கித்தான் இருந்தேன்.

கைபேசியைக் கீழே வைத்தேன். எதிரே வெட்டும் மேசையில் கேப்டனின் துணி விரித்தபடி கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. கேப்டன் ஒற்றையானது அவர் அளவு சரி என்பதால் அல்ல. அவர் வரும்போது தம்பி கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். முப்பத்தெட்டு என்பது திருத்த ஆளில்லாத என் எண். அதை நம்பி வெட்டினால், கேப்டன் கப்பலேறும் நாளில் பொத்தான் போட முடியாமல் நிற்பார். எங்கள் அப்பா பெயர் போட்ட பட்டை அந்தக் கோட்டுக்குள் தைத்திருக்கும்.

தம்பிக்குப் போன் செய்ய எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. குறிப்புகளைப் பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"அளவு தப்பில்லைண்ணே" என்றான். "நாடா பொய் சொல்லல. உங்க முன்னாடி நிக்கிற நேரத்துல ஆளே வேற ஆளு."

"நேர்ல சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நாடாவைக் கழட்டி வச்சிருப்பீங்க. நீங்க வாசல்ல நிக்கிறதைப் பாத்துத்தான் பெரிய இடத்து ஆளுங்க உள்ள வர்றாங்க. எனக்கு அந்த மாதிரி நிக்க வராது. சின்ன வயசுல கண்ணாடி முன்னாடி நின்னு பாத்திருக்கேன்."

அவனும் எதையோ பார்த்துப் புழுங்கியிருக்கிறான் என்று அறிந்ததில் எனக்கு ஒரு நிமிடம் இதமாக இருந்தது. அதை மறைத்துக்கொண்டு, கேப்டனுக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கேட்டேன். முப்பத்தொரு வருடத்தில் நான் அவனிடம் கேட்ட முதல் அளவு அது.

"பாக்காம எப்படிச் சொல்றது? வெட்டுற ரூம் ஜன்னல்ல நின்னா வாசப்படி தெரியும். மூணாவது படியில எல்லாரும் மூச்சை விடுவாங்க. அதைப் பாத்துத்தான் எழுதுவேன். உங்களுக்குக் கண்ணு இருக்கு, பாருங்க."

கேப்டனை அன்று மாலையே திரும்ப வரச் சொன்னேன். கழுத்தளவு விட்டுப்போயிற்று என்று காரணம் சொன்னேன். எதையும் விட்டவனல்ல நான். விட்டுவிட்டேன் என்று ஒருவரிடம் சொல்ல நாக்கு கூசியது. வந்தார். நாடாவை எடுத்ததும் பழையபடி மார்பு உயர்ந்தது, வயிறு உள்ளே போனது. அன்றைக்கும் இப்படித்தான் நின்றிருப்பார். நான் பார்த்திருக்கமாட்டேன், எண்ணை மட்டும் பார்த்திருப்பேன்.

பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவர் உட்காரும் குட்டை முக்காலி ஒன்று சுவரோரம் கிடந்தது. அதை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வாடிக்கையாளர் நிற்க நான் உட்கார்ந்தது கடையில் அதுவரை நடக்காத காரியம். கல்லாவில் இருந்த மகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டாள். முட்டி வலி என்று கேப்டனிடம் சொன்னேன். உடனே அவர் தன் முட்டிவலியைச் சொல்ல ஆரம்பித்தார். கப்பல் ஏணி, உப்புக் காற்று, தைலம். அசையாமல் நில்லுங்கள் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். மூன்றாவது தைலத்தின் பெயரைச் சொல்லும்போது வயிறு தன் இடத்துக்கு வந்து நின்றது. நாடாவைச் சுற்றினேன். முப்பத்தொன்பதே முக்கால். வலத்தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது.

அவர் கிளம்பியதும் வெட்டும் அறை ஜன்னலுக்குப் போனேன். ஒரு படி, இரண்டு படி, மூன்றாவது படி. வயிறு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. விடுவதற்கு அவரிடம் அடக்கிவைத்த மூச்சு எதுவும் மிச்சமில்லை.

மறுநாள் வெட்டினேன். வெள்ளிக்கிழமை போட்டுப் பார்க்க வந்தார். எல்லாப் பொத்தானும் போட்டு, கையைத் தூக்கி இறக்கி, கண்ணாடியில் முதுகுவரை பார்த்தார்.

"சின்னவர் வந்துட்டாரா?"

"இல்ல சார். பெரியப்பாதான் வெட்டினாங்க" என்றாள் மகள்.

"அப்படியா" என்றார். அவ்வளவுதான். ஒட்டிக்கொள்கிறது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. கோட்டைக் கழற்றாமலே போட்டுக்கொண்டு போனார்.

குறிப்புகளில் எதை வைத்துக்கொள்வது என்று மகள் கேட்டாள். மேலிருந்து வந்ததை என்றேன். இரண்டாம் பொத்தான் இருந்தும் அதை அழுத்தவிடவில்லை. என்னுடைய எழுநூற்று முப்பதையும் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நானே நீக்கினேன். நீக்கும் முன் ஒவ்வொன்றிலும் அவன் எவ்வளவு கூட்டியிருக்கிறான் என்று பார்த்தேன். பார்க்கப் பார்க்க எரிச்சல் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. என் பெயரில் மட்டும் இரண்டையும் விட்டுவைத்திருக்கிறேன்.

கேப்டனின் குறிப்பில் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதினேன். அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "உட்கார்ந்து எடுத்தது. மூன்றாவது படியில் பார்த்தேன், மாற்றமில்லை."

தம்பி திங்கட்கிழமை கடைக்கு வருகிறான். முதலில் கேப்டன் குறிப்பைத்தான் திறப்பான், எனக்குத் தெரியும். திறந்து பார்க்கட்டும். அவன் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.