எலுமிச்சை அளவு வெல்லம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். அந்தோணியார் குருசடியில் மெழுகுதிரி கொளுத்தி அணைத்துவிட்டுத்தான் சொல்லப்படுகிறது. நம்பாதவர்கள் மறையூருக்கு பஸ் ஏறலாம்.

மரியஜோசப் அங்கே கரும்பாலையில் வெல்லம் உருட்டுகிறவர். அவர் கைதவறவிட்ட உருண்டை ஒன்று மூணாறு மேட்டில் ஏறி, வழியில் பஸ்ஸை முந்தியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அவருடைய மகள் டின்சி ஏழாம் மாத ஸ்கேனுக்குப் போனபோது, குழந்தையின் வயிற்றுக்குள் நீர்க்கட்டி தெரிகிறது என்றார் டாக்டரம்மா. சின்ன எலுமிச்சை அளவு. சுருங்கினால் பயமில்லை, பெருத்தால் பிறந்த கையோடு ஆபரேஷன் வேண்டியிருக்கும். என்ன கட்டி என்பது பிறந்தபின் பார்த்தால்தான் உறுதியாகும்.

டின்சி பேச்சைக் குறைத்துவிட்டாள். மரியஜோசப்புக்கு எதுவும் கையில் பிடித்துப் பார்த்தால்தான் புரியும். மறுநாளே பாகில் அதே அளவுக்கு ஓர் உருண்டை பிடித்துவந்து, மகளின் கட்டிலருகே கிண்ணத்தில் வைத்தார். மனைவி சந்தனமேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பிள்ள பயந்து கெடக்கு. அந்தச் சனியனக் கொண்டாந்து கண்ணு முன்னாலயே வைக்கிறீகளே."

"இம்புட்டுத்தான்னு தெரியட்டும்டி. தெரியாட்டிதான் பூசணி மாதிரி தோணும்."

உருண்டை நாளுக்கு நாள் இளைத்தது. எறும்புதான், சந்தேகமேயில்லை. மறையூர் எறும்புகள் விவரமானவை. முழந்தாளிட்டு ஜெபம் சொல்லிவிட்டே வாய் வைக்கும். அடுத்த ஸ்கேனில் கட்டி நெல்லிக்காய் அளவு என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கிண்ணத்திலும் நெல்லிக்காய். சந்தனமேரியின் எறும்புப்பொடி அன்றே பாம்பாற்றில் போயிற்று.

வலி எடுத்த காலையில் ஜீப்பில் ஏறும்போது டின்சி அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, பிள்ளைக்குக் கத்தி வைப்பாங்களா?"

"கிண்ணத்துல சுண்டைக்காய்தான் இருக்கு, தாயி" என்றார்.

பெண் குழந்தை. டாக்டரம்மா அதன் சின்ன வயிற்றில் ஸ்கேன் கருவியை நகர்த்தி நகர்த்தித் தேடினார். கட்டி இல்லை. தாயின் ஹார்மோனால் பெண் குழந்தைக்குச் சினைப்பையில் இப்படி வருவதுண்டு, பலதும் தானாகவே வற்றிவிடும் என்றார். மரியஜோசப் பணிவாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும் மனைவியிடம் சொன்னார்: "பாவம், அவங்க படிப்புல எறும்ப வைக்கல."

வீட்டில் கிண்ணம் காலி. நன்றிக்கடனாக முற்றத்தில் ஒரு கை வெல்லத்தூள் தூவினார். இன்றும் தூவுகிறார்.

பயம் வந்தபோதெல்லாம் அந்த உருண்டையை எடுத்து நக்கியது டின்சி.