டீன் கண்ட ஆசிரியர்

கறுப்பினத்தவரான ரோஸ்கோ டிஸ்டேல், அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஏழு வருடமாக ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனி ஒப்பந்தத்தில் வரலாறு நடத்துகிறவர். இன்று டீன் வகுப்பைப் பார்த்து நல்ல அறிக்கை கொடுத்தால், முதல் முறையாக இரண்டு வருட வேலை உறுதி. இந்த நேரம் பார்த்து மடிக்கணினி மண்டையைப் போட்டது. மகளின் டேப்லெட்டைச் சமையலறை மேசையில் சாய்த்து வைத்து, ஜூம் வகுப்புக்குள் நுழைந்தார். திரையில் அவர் முகத்துக்குக் கீழே 'டியாரா' என்று மகளின் பெயர். அதை மாற்றும் வித்தை அவருக்குப் பிடிபடவில்லை.

கொரோனா வந்ததிலிருந்து அவர் வகுப்பில் ஒரு வழக்கம். வாரம் ஒரு மாணவர் பாடம் நடத்துவார். ரோஸ்கோ குறுக்கே கேள்வி கேட்பார். அன்று எர்ல் ஹோப்கேயின் முறை. ஓய்வுபெற்ற பல் மருத்துவர், வெள்ளைக்காரர், நரைத்த தாடி, கழுத்தில் டை, பின்னால் சுவர் முழுக்கப் புத்தகம். எல்லாம் மனைவியின் சமையல் புத்தகங்கள் என்பது வகுப்புக்கே தெரியும். திரையில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஐபேட்' என்று மட்டும் இருந்தது.

ரோஸ்கோவை நேரில் பார்த்தே இராத டீன் மார்சியா க்ளெம் தாமதமாக, ஓசைப்படாமல் வந்து சேர்ந்தார். எர்ல் சிறுவயதில் தான் நீந்திய ஊர் நீச்சல் குளத்தைப் பற்றி உருகிக்கொண்டிருந்தார்.

"அந்தக் குளத்துல யாரை உள்ள விடல?" என்றார் ரோஸ்கோ.

எர்ல் தாடியைத் தடவினார். "கறுப்புப் பிள்ளைங்க ஒருத்தரைக்கூட நான் அங்க பார்த்ததில்ல. ஏன்னு கேட்டதும் இல்ல."

அப்புறம் வகுப்பு சூடு பிடித்தது. சூப்பர் மார்க்கெட் கிடங்கிலிருந்து முகக்கவசத்தோடு பேசிய மாணவி கியோனா, அப்படி ஒரு குளத்திலிருந்து துரத்தப்பட்ட தன் பெரியம்மாவின் கதையைச் சொன்னாள். ரோஸ்கோவுக்கு டீன் இருப்பதே மறந்துபோனது, அத்தனை சந்தோஷம்.

முடிவில் டீன் கேமராவைப் போட்டார். "பிரமாதம், புரொபசர் டிஸ்டேல். உங்க டையும் புத்தக அலமாரியும் பார்த்தாலே கிளாஸ் களை கட்டுது. ஒண்ணே ஒண்ணு, அந்த டியாரா குறுக்க குறுக்கப் பேசிட்டே இருக்கார். மத்தவங்களுக்கும் வாய்ப்பு குடுங்க."

எர்ல் டையைத் தளர்த்தினார்.

"மேடம், அந்த டியாராதான் புரொபசர். நான் அவர்கிட்ட படிக்கிறவன். போன பரீட்சையில பெயில்."

கியோனாதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். ரோஸ்கோவுக்குப் பழைய எரிச்சல் எழுந்தது. கல்லூரி வாசலில் தன்னிடம் மட்டும் அடையாள அட்டை கேட்கும்போதெல்லாம் எழுவதுதான். ஆனால் மாணவர்கள் தன்னைப் பார்த்து அல்ல, தன் பக்கம் நின்று சிரிக்கிறார்கள் என்று புரிந்ததும் அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

டீனின் முகம் சிவந்தது. "மன்னிச்சிடுங்க. எழுதினதைக் கிழிச்சுட்டு இன்னொரு நாள் வரேன்."

"கிழிக்காதீங்க மேடம்" என்றார் ரோஸ்கோ. "எர்லைப் பத்தி எழுதினது அப்படியே இருக்கட்டும். அவரை அப்படிப் பேச வச்சது நான்தான். டியாரா மேல உள்ள புகாரையும் விட்டுடாதீங்க. அதுவும் நான்தான்."

மாலையில் அறிக்கை வந்தது. இரண்டு வருட வேலைக்குப் பரிந்துரை. குறுக்கே பேசுகிறார் என்ற புகாரும் இருந்தது, இந்த முறை ரோஸ்கோ டிஸ்டேல் என்ற பெயரில்.