ராஜாமணி இன்ஸ்டிடியூட்டில் எழும்பாத கம்ப்யூட்டர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது. தருமபுரியில் எங்கள் தெரு குறுகல், சுவர்கள் மெல்லியவை. என் காதும் கொஞ்சம் நீளம். எதிர்வீடு ராஜாமணியுடையது. முன்கட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், பின்கட்டில் குடித்தனம்.

'அது 1988. விஞ்ஞான யுகத்தின் விடியலில் அந்தச் சிறுநகரம்...'

அந்த வரியை அடித்துவிட்டேன். விடியவெல்லாம் இல்லை. பெங்களூரிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது, அவ்வளவுதான்.

2

பிடித்துக்கொடுத்தவர் தாவூது. ரேடியோ ரிப்பேர்க்காரர்; பள்ளிக்கூடத்தில் ராஜாமணியோடு ஒரே பெஞ்சு. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். 'ஊரின் முதல் கம்ப்யூட்டர் வகுப்பு' என்று போர்டு எழுதியாயிற்று. (முதல் என்பது ராஜாமணி சொன்னது. நான் விசாரிக்காமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.)

ஃபிளாப்பி என்கிற சதுரத் தகட்டை அதன் வாயில் செருகினால்தான் அந்த மிஷின் எழும்பும். விஜயதசமியன்று காலை, பிள்ளைகளும் பெற்றவர்களும் சூழ நிற்க, செருகி சுவிட்ச் போட்டார் ராஜாமணி. திரை பச்சையாக விழித்தது. மூலையில் ஒரு கோடு மினுக் மினுக்கென்றது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். எலெக்ட்ரிக் கடைக் கருப்பண்ணன், "எர்த் சரியில்லீங்க" என்று எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது.

தாவூது வந்தார். ஒயர் ஒயராக அழுத்திப் பார்த்தார். வேறு ஃபிளாப்பி போட்டார்.

"டேய் மணி, இந்த வாய்க்குள்ள ஏதாச்சும் போச்சாடா?"

"ஒண்ணும் போவல."

"எறும்பு, தூசி, தண்ணி?"

"அட, ஒண்ணுமில்லங்கறேன்!"

"அப்ப அதப் பிரிக்க வேணாம். பிரிச்சா சேக்கறது கஷ்டம். பெங்களூர்ல கேட்டுட்டு வர்றேன்."

பெற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜாமணிக்கு முகம் சிவந்தது.

"ஓடாத பழச என் தலையில கட்டிட்டு, கேட்டுட்டு வர்றியா? பழகுனவனையே ஏமாத்திட்டியேடா!"

தாவூது ஸ்குரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகினார். "நானாடா?" என்றார்.*

* இங்கே அவர் கண் கலங்கியதாக ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். முதுகைத்தான் பார்த்தேன்.

3

தாவூது ஏமாற்றிவிட்டார் என்ற பேச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிற்று. தாவூது கடைக்கு ரேடியோ வருவது குறைந்தது.

கார்த்திகையில் சேலத்து மெக்கானிக் ஒருவர் வந்து, அந்த வாயைத் துணிந்து பிரித்தார். நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"ஏனுங்க, இது சந்தனமுங்க!"

ஆயுத பூஜையன்று டைப்ரைட்டர்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்தது ராஜாமணியின் மனைவி தங்கம்மாள். கம்ப்யூட்டரைக் காட்டி, இதுக்கு எங்கே வைப்பது என்று கேட்டாள். "வாயில வை, நல்லா வை" என்றவர் ராஜாமணி. மறுநாள் காலை ஈரத்துணியால் வெளியே துடைத்தாயிற்று. உள்ளே வழிந்தது காய்ந்துவிட்டது.

தாவூதிடம் அவர் பொய் சொல்லவில்லை. சாமிக்கு வைத்த சந்தனத்தை யாராவது தூசி, எறும்போடு சேர்ப்பார்களா?

சுத்தம் செய்ததும் மிஷின் எழும்பியது. வகுப்பே கைதட்டியது. ராஜாமணி மட்டும் திரையைப் பார்க்கவில்லை.

4

முடிவு அ: ராஜாமணி ஓடிப்போய்த் தாவூதைக் கட்டிக்கொள்கிறார். (ஓட அவருக்கு வராது.)

முடிவு ஆ: தாவூதே வந்து சிரிக்கிறார். எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அவர் எதற்கு வர வேண்டும்?

முடிவு இ: காலம் எல்லாவற்றையும்... (வேண்டாம்.)

நடந்தது இவ்வளவுதான்: சாயங்காலமானால் ராஜாமணி தாவூது கடைத் தெருமுனை வரை போவார். அங்கேயே வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்.

"வூட்ல தாரே தொங்குது, மறுபடியும் பழமா?" என்பாள் தங்கம்மாள்.

இன்று இந்தக் கதையில் நான் அவரைக் கடைவாசல் வரை கொண்டுவந்துவிட்டேன். தாவூது தலை குனிந்து ஒரு ரேடியோவுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருக்கிறார், இன்னும் பார்க்கவில்லை. என்னால் இவ்வளவுதான் முடியும். ராஜாமணி பேச வேண்டிய முதல் வாக்கியத்தை நீங்கள் கொடுங்கள். எதை வேண்டுமானாலும் கொடுங்கள். "சந்தனத்தத் தங்கந்தான் பூசுனா" என்பதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்.