அறுத்துவிட்ட வழி

கஸ்தூரி அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, தம்பி உத்தமன் மூச்சு வாங்க உள்ளே வந்தான். கூவத்தின் கரையிலிருந்த சுடுகாட்டில் ஏற்பாடு பார்த்துவரப் போனவன்.

"வழி இல்லக்கா. மனை போட்டவங்க வண்டிப்பாதைக்குக் குறுக்க செவுரு எழுப்பிட்டாங்க."

"கொஞ்சங்கூட சந்து உடலையா?"

"போன வாரம் இருந்துச்சு. இப்ப அதையும் அடைச்சிகீறானுங்க."

அவள் முடிச்சை இறுக்கினாள். மாதக்கணக்காக ஆவடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து அப்பாவுக்குக் கஞ்சி புகட்டி, சளி துடைத்து, துணி அலசிப் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவள். இன்று விடியற்காலை அவர் மூச்சு நின்றபோது அவளுக்கு அழுகை வரவில்லை. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. அதை யாரிடம் சொல்ல முடியும்?

அப்பா அய்யாசாமி அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். ஷிப்ட் முடிந்தால் சைக்கிளை நேரே வயலுக்குத்தான் விடுவார். திருவேற்காட்டுக்கு மேற்கே, வீட்டின் கொல்லையில் தொடங்கிக் கூவத்தின் கரை வரை நீண்டிருந்தது அந்த முக்கால் ஏக்கர். ஞாயிற்றுக்கிழமையானால் நாலு பேரும் அங்கேதான். ஆடி கழிந்தால் நாற்று விடுவார்கள். ஐப்பசி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு மடையைத் திறந்து விடுவார்கள். கோடையில் வெண்டை, வெள்ளரி. பம்புசெட் தொட்டியில் கண் சிவக்கக் குளித்துவிட்டு, சருகில் சுட்ட வேர்க்கடலையை உதடெல்லாம் கரியாகத் தின்றதுதான் அவர்களுக்கு பீச்சு, சினிமா எல்லாம். அப்பா படுத்த பிறகு அம்மா வடிவு ஒருத்தியாகவே நட்டு, களை எடுத்து, நடுநடுவே ஓடிவந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். பூந்தமல்லி ஒர்க்ஷாப்பில் வேலை செய்யும் உத்தமன், வித்துவிடலாம் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தான்.

வாசலில் ஆண்கள் கூடிப் பேசினார்கள்.

"வேன் வெச்சுகினு பாலம் சுத்திப் போலாமே" என்றான் ஒருவன்.

"பாலத்தாண்ட பள்ளம் நோண்டிப் போட்டுகீறான். சைக்கிளே போவாது" என்றார் கோவிந்தராஜ் சித்தப்பா. அப்பாவின் தம்பி. "நம்ம வயல்தான் வழி. ஆனா வரப்பு மேல பாடை போவாது. நாலு பேரு அகலம் வேணுமில்ல?"

"நெல்லு மேலதான் போவணும்" என்றான் உத்தமன். "நம்ம நெல்லுதானே சித்தப்பா? மிதிச்சா இன்னா இப்போ?"

பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. பயிர் தலை சாய்ந்து பழுத்துக்கொண்டிருந்தது.

"மிதிக்கக் கூடாது."

அம்மா, அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்திருந்தாள்.

"அப்புறம் எப்டிம்மா போறது?"

"அறுத்து வழி உடலாம்."

சித்தப்பா அவளையே பார்த்தார். "இன்னா அண்ணி பேசறே? பொணத்த நடுவூட்ல வெச்சுகினு அறுப்பு அறுப்பாங்களா? ஊர்ல இன்னா சொல்லுவாங்க?"

அம்மா உள்ளே போய்ப் பரணில் செருகியிருந்த அரிவாள்களை இறக்கினாள். ஒன்றைக் கஸ்தூரியின் பக்கம் நீட்டினாள். கஸ்தூரி வாங்கிக்கொண்டாள்.

கொல்லைப் பக்கம் இருவரும் குனிந்தார்கள். பனி இன்னும் காயவில்லை. தாள் ஈரமாகக் கையில் வழுக்கியது. அறுத்த கதிரைப் பிடிபிடியாக இரண்டு பக்கமும் ஒதுக்கி வைத்தபடி முன்னேறினார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு நாகம்மாள், ஒப்பாரியை நிறுத்திவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள் போலிருந்தது. அரிவாள் சத்தம் மட்டும் கேட்டது.

பாதி வயலில் கஸ்தூரிக்குக் கண் இருண்டது. முழங்காலில் கைவைத்து நின்றாள். அம்மாவும் நிமிர்ந்தாள். கரைப் பக்கத்துப் பயிர் இன்னும் பசுமை மாறாமல் நின்றது. அம்மா ஒரு கதிரை உருவி, ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தாள்.

"நெல்லுக்குள்ள பாலு இன்னும் இறுகல" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் உட்டிருக்கணும்."

கஸ்தூரி அவள் முகத்தைப் பார்த்தாள். அம்மா அதற்குள் குனிந்துவிட்டிருந்தாள்.

கரை வரை அறுத்து முடித்தபோது வெயில் ஏறியிருந்தது. வீட்டுக்குத் திரும்பிக் குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, பாடையைத் தூக்கினார்கள். உத்தமன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். தாள் குத்தும் அந்த ஒடுக்கமான வழியில் நாலு பேரும் பாடையோடு இறங்கும்போது அவன் திரும்பிப் பார்த்தான்.

"ஓரத்துல கதிரு கீது, பாத்து. கால வெச்சிடாதீங்க" என்றான்.

பெண்கள் வயலின் விளிம்பு வரைதான் போகலாம். கரை ஏறிப் பாடை மறையும் வரை நின்றார்கள். பறைச் சத்தம் தேய்ந்தது. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். வீடு கழுவ வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும்.

கஸ்தூரி திரும்பிப் பார்த்தபோது அம்மாவைக் காணவில்லை. கொஞ்சம் தள்ளி, ஒதுக்கி வைத்த கதிர்களுக்குப் பக்கத்தில், அறுத்த தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பயந்துபோய் ஓடினாள். குனிந்து பார்த்தாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. உள்ளங்கையில் தாள் கீறிய கோடுகள். எத்தனை இரவுகளாக இந்த முகம் இப்படித் தளர்ந்து கிடந்ததில்லை!

"ஏம்மே கஸ்தூரி!" கொல்லையிலிருந்து நாகம்மாள் கூப்பிட்டாள். "அம்மாவ இட்டுகினு வா. தலைக்குத் தண்ணி ஊத்தணும். எல்லாரும் காத்துகினு கீறாங்க."

கஸ்தூரி கையை உயர்த்தி, இரு என்று காட்டினாள்.

வெயில் அம்மாவின் நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது. கஸ்தூரி வெயில் வரும் பக்கமாகப் போய், தன் நிழல் அந்த முகத்தின்மேல் விழும்படி உட்கார்ந்தாள். நிழல் விலகியபோது அவளும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.